மாப்பிள்ளை பூசிய சுவரோரம்

மாமனார் வீட்டில் நம்மை யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால், நாம் செய்வதெல்லாம் சரி என்று அர்த்தமில்லை. இந்தச் சின்ன விஷயம் தெரிந்திருந்தால் என் ஆயுளில் முக்கால்வாசி வெட்கம் மிச்சமாகியிருக்கும். எனக்கு அது உறைத்தபோது, ஆரணியிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் முதுகெல்லாம் சிவப்பாக என் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. வாலாஜாபாத்தில் ஒரு சிமென்ட், பெயின்ட் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். பில் மட்டும்தான். டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அது தெரியும், உள்ளே இருப்பது எப்படி வேலை செய்யும் என்று தெரியாது. ஆனால் காஞ்சிபுரத்தில் நெசவு செய்துகொண்டிருந்த என் மாமனார் வீட்டில் வேறு மாதிரி பேச்சு. என் மனைவி கமலா அங்கே போய், "எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாத பெயின்டே கிடையாது" என்று சொல்லி வைத்திருந்தாள். நானும் மறுக்கவில்லை. (யார்தான் மறுப்பார்கள்? அந்த வயதில் மறுக்கிற அளவுக்கு வேறு பெருமையும் என்னிடம் இல்லை.)

போதாக்குறைக்கு, சிமென்ட் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த அந்தக் காலத்தில், முதலாளி கையைக் காலைப் பிடித்து மாமனாருக்குச் சில மூட்டை வாங்கிக் கொடுத்திருந்தேன். அதோடு எனக்கு ஒரு இஞ்சினீயர் மரியாதையே வந்துவிட்டது. நான் தெருமுனையில் வரும்போதே உள்ளே காப்பித் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிடும்.

அந்த சிமென்ட், கூடத்துத் தரைக்காக வாங்கியது. அதுவரை அங்கே சாணம் மெழுகிய மண் தரைதான். கமலாவின் தங்கை வசந்தாவுக்கு ஆரணியில் ஒரு நல்ல இடம் அமைந்திருந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்த்துப் பிடித்துப்போய், நிச்சயத்துக்கு நாளும் குறித்துவிட்டார்கள். இதற்கு முன்னால் வந்த இரண்டு இடங்கள் கடைசி நேரத்தில் ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிப்போனதால், இந்த முறை வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினார்கள். சம்பந்தி வீட்டார் வந்து உட்காரும் கூடம் பளபளவென்று இருக்க வேண்டும் என்று மாமனார் சிவப்பு ஆக்சைடு தரை போடச் சொன்னார்.

ஏழுமலை மேஸ்திரி போட்டுக் கொடுத்த தரை, குனிந்தால் முகம் தெரிகிற மாதிரி இருந்தது. தண்ணீர் கட்டி, ஆறவைத்து, தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்து எல்லாம் ஆயிற்று. சுவரோரம் மட்டும் பாக்கி. தரையும் சுவரும் சேருகிற இடத்தில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு பட்டை இழுப்பார்களே, அது. அதற்குள் மேஸ்திரியின் பெரியப்பா தென்னேரியில் தவறிப்போய்விட்டார்.

"காரியம் முடிஞ்சி வந்து ஸ்கர்ட்டிங் போட்டுடறேன் முதலியாரே. நிச்சயத்துக்குள்ள முடியலன்னாலும் ஒண்ணும் தப்பில்ல. வெறும் ஓரந்தானே" என்று மாமனாரிடம் சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

நிச்சயத்துக்கு முந்தின வாரக் கடைசியில் நான் போய்ச் சேர்ந்தேன். தரையை ரசித்தேன். அப்புறம் ஓரத்தைப் பார்த்தேன். சுவரின் அடியில் காரை உதிர்ந்து செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் தரை வேலையின்போது தெறித்த சிவப்புத் திட்டுகள் வேறு.

"இப்படியேவா வுட்றது?" என்றேன், ஒரு நிபுணரின் கவலையோடு.

மாமனார் கையைப் பிசைந்தார். "மேஸ்திரி வந்துடுவாருங்க மாப்ள. இல்லன்னா பாயை ஓரமா இழுத்துப் போட்டு மறைச்சிடலாம்."

"சம்பந்தி வூட்டுக்காரங்க பாயைத் தூக்கிப் பார்க்கமாட்டாங்களா? நான் எதுக்கு இருக்கிறேன் மாமா? நான் போடறேன்."

மாமியார் கதவுக்குப் பின்னாலிருந்து மாமனாரைப் பார்த்தார். மாமனார் கூரையைப் பார்த்தார். கமலா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். நான் அந்த மூன்றாவது பார்வையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஒரு சிக்கல் இருந்தது. சிமென்ட் ஒரு கைப்பிடிகூட மிச்சமில்லை. சிவப்புப் பொடி மட்டும் ஒரு பொட்டலம் கிடந்தது. பொடியைச் சுவரில் ஒட்டவைக்க ஏதாவது வேண்டும். கடையில் பெயின்டுக்கு எண்ணெய், வார்னிஷ் என்று எத்தனையோ விற்றிருக்கிறேன். அதில் எதை எதோடு கலப்பது என்று யாரிடமும் கேட்டதில்லை. இப்போது போய்க் கேட்டால் நிபுணர் பட்டம் என்ன ஆவது?

யோசித்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன். தெருவில் பாவு போட்டிருந்தார்கள். தறியில் நெடுக்காக ஓடும் பட்டிழைகளைத்தான் பாவு என்பார்கள். அதை அரிசிக் கஞ்சியில் தோய்த்து, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி வெயிலில் காயவைப்பது அங்கே தினமும் நடக்கிற வேலை. காய்ந்த இழைகள் விறைப்பாக, மினுமினுவென்று நின்றன. எனக்கு மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. (விளக்கு இல்லை, தீ. அது அப்புறம்தான் தெரிந்தது.) தலைமயிரைவிட மெல்லிசான பட்டிழையையே இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற கஞ்சி, ஒரு சுவரில் பொடியைப் பிடித்து வைக்காதா என்ன?

"அத்தே, கஞ்சி இருக்குதா?" என்று உள்ளே குரல் கொடுத்தேன்.

மாமியார் எனக்குப் பசிக்கிறது என்று நினைத்து, ஒரு சொம்பில் மோரும் உப்பும் போட்டுக் கலக்கிக் கொண்டுவந்தார். அதைக் குடித்து முடித்துவிட்டு, "இது இல்லைங்க, பாவுக்குப் போடறது" என்றேன். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஒரு அண்டா நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

நான் சட்டையைக் கழற்றிவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பொடியைக் கஞ்சியில் கொட்டி ஒரு மட்டையால் கலக்கினேன். நெசவாளர் வீடு. கஞ்சி என்ன செய்யும், என்ன செய்யாது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமனார் தறியை விட்டு எழுந்து வந்து பார்த்தார். இருமினார். மறுபடி இருமினார்.

"என்ன மாமா, தண்ணி குடிக்கிறீங்களா?"

"இல்லைங்க மாப்ள. கஞ்சி... கொஞ்சம்..." என்று இழுத்தார். என் முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்ததும், "நீங்க பார்த்துச் செய்ங்க" என்று சொல்லிவிட்டுத் தறிக்கே போய்விட்டார். அன்று முழுவதும் அவர் தறியில் சத்தமே சரியாக வரவில்லை.

மேஸ்திரி சொன்னது நாலு விரல் உயரம். சுவரில் தெறித்திருந்த திட்டுகளை மறைக்க அது போதாது என்று ஒரு முழ உயரத்துக்கு ஏற்றினேன். செங்கல் தெரிந்த இடங்களில் களிமண்ணை அப்பி மேலே பூசினேன். நூல் பிடித்துக் கோடு போட்டேன். நாலு சுவரையும் சுற்றி வந்து முடித்தபோது இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. காய்ந்ததும் பாருங்கள், கஞ்சிப் பட்டு மாதிரியே ஒரு மினுமினுப்பு! பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "வாலாஜாபாத் மாப்ள போட்டது" என்று மாமியாரே சொன்னது என் காதில் விழுந்தது. நான் கேட்காத மாதிரி நின்றுகொண்டு இன்னொரு முறை சொல்வாரா என்று காத்திருந்தேன்.

மறுநாள் லேசாகப் புளித்த வாடை வந்தது. மாமியார் ஒன்றும் சொல்லாமல் சாம்பிராணி போட்டார். அதற்கு மறுநாள் ஈ வந்தது. மாமியார் இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போட்டார். எனக்கு அது பக்தியாகத்தான் பட்டது.

நிச்சயத்தன்று வைகாசி வெயில் கொளுத்தியது. ஆரணியிலிருந்து வேன் வந்து இறங்கியது. பையன், அவன் அப்பா, அம்மா, தாய்மாமன், அத்தைகள், சித்தப்பாக்கள் என்று ஒரு கூட்டம். ஆண்கள் எல்லோரும் வெளுத்த வேட்டி, வெள்ளைச் சட்டை. பையனின் அம்மா மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். ஆரணியும் பட்டு ஊர்தான். காஞ்சிபுரத்துக்காரர் வீட்டுக்கு வருகிறோம் என்று பெட்டியில் இருந்ததிலேயே நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டியிருந்தார் என்பது பார்த்தாலே தெரிந்தது.

பாய் விரித்திருந்தோம். பாயில் உட்காருகிறவர்கள் எங்கே உட்காருவார்கள்? நடுக்கூடத்திலா? நாலு சுவரையும் ஒட்டி வரிசையாக உட்கார்ந்து, ஹப்பா என்று சாய்ந்தார்கள். அந்தக் கூடத்தில் மின்விசிறி கிடையாது. ஓலை விசிறிதான். ஒவ்வொருவர் கழுத்திலும் வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது. நான் வாசற்படியில் நின்றுகொண்டு, எல்லோர் முதுகுக்கும் பின்னால் தெரிந்த என் கைவேலையை ரசித்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

புரோகிதர் லக்னப் பத்திரிகை படிக்க ஆரம்பித்தார். தட்டு மாற்ற வேண்டிய நேரம் நெருங்கியது. அப்போது பையனின் தாய்மாமன் வெற்றிலை துப்ப எழுந்து வாசல் பக்கம் திரும்பினார்.

முதுகில் பாதிவரை சிவப்பு. வேட்டியின் பின்பக்கம் முழுதும் சிவப்பு. செம்மண் வண்டியில் இருந்து உருண்டு விழுந்தவர் மாதிரி இருந்தார்.

எனக்கு முதலில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இனி யாரும் எழுந்திருக்கக் கூடாது. பாய்ந்து போய் அவர் தோளைப் பிடித்து, "உக்காருங்க, நீங்க உக்காருங்க, எச்சிப் படிக்கம் நான் கொண்டாறேன்!" என்று அழுத்தினேன். அவர் வாயில் வெற்றிலைச் சாறோடு விழித்தார். அதற்குள் அந்தப் பக்கம் ஒரு சித்தப்பா எழுந்தார். அவரையும் உட்காரவைக்க ஓடினேன். ஓடிய வேகத்தில் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டேன். தண்ணீர் சுவரோரமாகவே ஓடி, கரையாமல் இருந்த கொஞ்சநஞ்ச இடத்தையும் கரைத்து, பாய்க்கு அடியில் சிவப்பாகப் பரவியது.

"இன்னாபா இது, ஈரமா இருக்குது?" என்று வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள்.

பையனின் அம்மாவும் எழுந்து திரும்பினார். அவருடைய மாம்பழப் பட்டின் பின்பக்கத்தைப் பார்த்த அத்தை ஒருத்தி வீல் என்று ஒரு சத்தம் போட்டு, ஓடிவந்து தன் முந்தானையால் அவரை மறைத்து, காதோடு என்னவோ சொல்லி உள்ளறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"எனக்கா? இந்த வயசுலயா? என்னாடி உளர்ற!" என்ற குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று நான் உண்மையாகவே தரையைப் பார்த்தேன். தரை ஏழுமலை மேஸ்திரி போட்டது. ஒரு விரிசல்கூட விடவில்லை.

விஷயம் புரிந்து அந்த அம்மாள் திரும்பி வந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. "எங்க அம்மா எனக்கு வாங்கிக் குடுத்த பட்டு. ஆரணியில இத்தினி வருசம் ஒரு பொட்டு அழுக்கு படாம வெச்சிக்கினு இருந்தேன். பட்டு நெய்யற வூட்ல வந்து பாழாகணும்னு இருக்குது!"

தாய்மாமன் மாமனாரிடம் நேராகத் திரும்பினார். "இன்னாங்க இது? வந்தவங்களை அவமானப்படுத்தறதுக்குன்னே பூசி வெச்சீங்களா?"

தட்டுகள் நடுக்கூடத்தில் அப்படியே இருந்தன. யாரும் அவற்றைத் தொடவில்லை. உள்ளறைக் கதவோரம் வசந்தா நின்றுகொண்டிருந்தாள். தலை நிறையப் பூ. முகத்தில் ரத்தமே இல்லை. மூன்றாவது இடமும் போச்சு என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு கேவலமாக உணர்ந்ததில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டேன்.

மாமனார் கையைக் கூப்பினார். "தப்புதாங்க. என் தப்புதான். அவசரப்பட்டு நான்தான் பூசச் சொன்னேன். உங்க புடவைக்கு என் கையாலயே ஒண்ணு நெய்ஞ்சி குடுக்கறேன்."

இதைச் சொல்லத்தான் எனக்கு இன்னமும் நாக்கு கூசுகிறது. எனக்காக அந்த மனிதர் கூட்டத்துக்கு நடுவில் கை கூப்பிக்கொண்டு நிற்கிறார், நான் தூணோடு தூணாக நின்றேன்.

"நீங்க சொன்னீங்க, சரி. பூசின கொத்தனாரு யாரு? கூப்பிடுங்க அவனை!" என்றார் தாய்மாமன்.

நேரம் என்றால் அப்படி ஒரு நேரம். நிச்சயத்துக்கு அழைத்திருந்ததால் தென்னேரியிலிருந்து நேராக வந்த ஏழுமலை மேஸ்திரி, மொட்டைத் தலையோடு அப்போதுதான் வாசற்படி ஏறினார். யாரோ, "இதோ, இவருதான் மேஸ்திரி" என்று காட்டிக்கொடுத்தார்கள்.

"யோவ், இதை நீயா பூசின?"

மேஸ்திரி குனிந்து சுவரை ஒரு விரலால் தொட்டார். முகர்ந்தார். அவர் முகம் கோணியது. நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தார். மேஸ்திரியின் கண் மெதுவாக என் பக்கம் வந்தது. என் நகக்கண்ணில் சிவப்பு இன்னும் இருந்தது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஆமாங்க. நான்தான் பூசினேன். கலவை கொஞ்சம் தப்பிப்போச்சி" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ஐயோ, இல்லைங்க!" என்று கத்தியே விட்டேன். "மேஸ்திரி ஊர்லயே இல்லைங்க. மாமா ஒண்ணும் சொல்லலைங்க. நான்தான். நான்தான் பூசினேன். இது சிமென்ட் இல்லைங்க, கஞ்சி. அரிசிக் கஞ்சி."

கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. அதுவரை வாயே திறக்காமல் இருந்த பையனின் அப்பா, முதுகுச் சிவப்போடு மெதுவாக என் அருகில் வந்தார்.

"நீங்க யாரு?"

"மூத்த மாப்பிள்ளைங்க."

அவர் மாமனார் பக்கம் திரும்பினார். "ஏங்க, நீங்க நெசவுக்காரரு. கஞ்சி தண்ணி பட்டா எளகிடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுங்க."

"இவரு அதைக் கலக்கும்போது பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார் குரல் வந்தது. "கஞ்சி குடுத்ததே நான்தாங்க. கடையில வேலை செய்றாரே, ஏதாவது மருந்து கலப்பாருன்னு நெனச்சிக்கினு இருந்தோம்."

"கலக்கலன்னு தெரிஞ்சப்போ?"

மாமனார் தயங்கினார். "தெரிஞ்சிதுங்க. ஆனா, மாப்ளைங்க. எப்படிங்க சொல்றது?"

பையனின் அப்பா அப்படியே நின்றார். அவர் தோள் குலுங்கியது. கோபத்தில் குலுங்குகிறது என்று நான் ஒரு அடி பின்னால் போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வெளியே வந்ததும் நிற்கவே இல்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் மனைவியைக் கூப்பிட்டார்.

"அடியே, அழுவறத நிறுத்திட்டு இங்க வா. மாப்ள வூட்டுச் சுவத்துல கஞ்சியைப் பூசறாரு, மாமனார் வாயத் தொறக்கல. நாத்தம் வருது, மாமியார் சாம்பிராணி போடறாங்க. கடைசியில மேஸ்திரி வந்து பழிய ஏத்துக்கறாரு. நம்ம புள்ளையோட லட்சணம் உனக்குத் தெரியும். அவன் போய் விழறதுக்கு இதவிட நல்ல மாமியார் வூடு இந்தச் சில்லாவுலயே கெடைக்குமா? தட்டை எடுடி!"

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்தார். மகனை ஒருமுறை பார்த்தார். தட்டை எடுத்தார்.

வசந்தா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். (சாம்பிராணிப் புகை என்று அப்போது சொன்னேன்.) ஆரணிக்காரர்கள் மாமனாரின் வேட்டிகளையும் பக்கத்து வீட்டு வேட்டிகளையும் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். கமலா மட்டும் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. மேஸ்திரி மறுநாளே எங்கிருந்தோ கொஞ்சம் சிமென்ட் பிடித்து வந்து, சுவரைச் சுரண்டிவிட்டு நாலு விரல் உயரத்துக்கு ஒழுங்காகப் பட்டை போட்டார். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அதைக்கூட மாமனார், "நீங்க எதுக்கு மாப்ள?" என்றுதான் தடுத்தார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும், யாராவது சுவரில் சாயப் போனால், "இரு இரு, இது வாலாஜாபாத் மாமா சுவரான்னு கேட்டுக்கோ!" என்று ஒரு குரல் வராமல் இருக்காது. வசந்தாவின் பேரப்பிள்ளைகளுக்குக்கூட நான் சுவர் தாத்தாதான்.

போன வருஷம் செவிலிமேட்டில் என் மகள் வீடு கட்டினாள். தரைக்கு இப்போது எபாக்ஸி என்று ஒன்றை ஊற்றுகிறார்களே, கண்ணாடி மாதிரி, அதுதான். ஊற்றியவர்கள் சுவரோரத்துக்குத் தனியாகப் பணம் கேட்டார்களாம். கம்ப்யூட்டரில் வேலை செய்யும் என் மருமகன், "அது ரொம்ப சிம்பிள் மாமா, வீடியோ பார்த்து நானே பண்ணிட்டேன்" என்றார். பார்த்தேன். ஓரம் நெடுக அலை அலையாகக் கோணியிருந்தது. விரல் வைத்தேன், பிசுபிசுவென்று ஒட்டியது. எபாக்ஸியையும் அதை இறுகவைக்கிற மருந்தையும் எந்த அளவில் கலந்தார் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். மருமகன் சின்னப் பையன் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்படி மாமா இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்குது மாப்ள" என்றேன். என்னோடு வீடு பார்க்க வந்திருந்த வசந்தாவின் வீட்டுக்காரர், அந்த ஆரணி வாத்தியார், காப்பி புரையேறி இருமிக்கொண்டே ஒரு நாற்காலியை இழுத்து நடுக்கூடத்தில் போட்டு உட்கார்ந்தார்.